கவனக்குறைவு

வெள்ளிக்கிழமை, சஜா லேபர் கேம்ப்.
ஜும்மா முடிந்து பொட்டலங்கள் பிரிபடும் நேரம்
மெஸ் ஹால் சுவரில் அட்டையை மாட்டினேன்.
ஷார்ஜாத் தூசியில் டேப் ஒட்டவில்லை.
கடைசியில் ஆணிதான்.

அட்டை முழுக்க ஒரே எழுத்து.
மூன்று காலோடு
மேலும் கீழும் வலமும் இடமுமாகப் புரண்டு கிடக்கும்.
படிக்கத் தெரிய வேண்டாம்,
கால் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

விசா மெடிக்கலில் இவர்களுக்கு
ரத்தம் எடுத்தார்கள்,
நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.
"இது தெரியுதா?" என்று கேட்டதாக
ஒருவருக்கும் ஞாபகமில்லை.

காய்ச்சல் என்றால் லீவு கேட்கலாம்.
மங்கலுக்கு என்ன பேர் சொல்லிக் கேட்பது?
வலிக்காது.
மெல்ல வந்து உட்கார்ந்து
உலகமே இவ்வளவுதான் என்று நம்பவைத்துவிடும்.

கம்பி கட்டும் குப்புராஜுக்கு நாற்பத்தாறு.
முடிச்சைத் தடவித்தான் போடுகிறார்,
கையுறையைக் கழற்றிவிட்டு.
பங்களாதேஷ் மொக்லேஸ் பஸ் நம்பரைப் பார்ப்பதேயில்லை.
முன்னால் நிற்பவன் ஏறினால் ஏறுவான்.
ஒருநாள் அப்படி ஜபல் அலி வரை போனதை
சிரித்துக்கொண்டே சொன்னான்.
அன்றைய சம்பளம் போனதைச் சொல்லும்போது
சிரிக்கவில்லை.

நாற்பத்து மூன்றாவது ஆள் சவரிராயன்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.
உட்கார்ந்ததும், நான் கேட்பதற்குள்,
வலம், மேல், மேல், இடம், கீழ்
என்று கடைசி வரி வரை மடமடவென ஒப்பித்தார்.
இத்தனை நல்ல கண்ணை அன்று நான் பார்க்கவேயில்லை.

அதனாலேயே
அட்டையைத் தலைகீழாக மாட்டினேன்.

வலம், மேல், மேல், இடம், கீழ்.

வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று
முன்னால் போனவர்கள் சொன்னதையெல்லாம்
காதால் மனப்பாடம் செய்திருக்கிறார்.

"சார், எழுதிராதீங்க.
லைசென்ஸ் எடுக்கறப்போ நல்லாத்தான் இருந்துச்சு.
வண்டிய விட்டு எறக்குனா லோடிங்ல போட்ருவான்,
நானூறு திர்ஹம் கொறஞ்சிரும்."

மார்ச் மாதம் இவர் இறக்கிய பேலட்
அபுதாகிரின் பாதத்தின் மேல் இறங்கியது.
அபுதாகிர் இப்போது அதிராம்பட்டினத்தில்,
ஊன்றுகோலோடு.
விபத்துப் படிவத்தை சேஃப்டி ஆபீஸரே எடுத்துக் காட்டினார்.
காரணம்: கவனக்குறைவு.

கவனக்குறைவா?
ஓர் அட்டை முழுவதையும்
காதாலேயே பிடித்துவைத்த மனிதனுக்கா?

பார்வைக்குறைவு என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மைனஸ் இரண்டேகால், இரண்டு கண்ணும்.
வில்லைகளும் ஃபிரேமும் சேர்த்து
எங்கள் கடைக்கு அடக்கம் முப்பது திர்ஹம்.
போட்டுவிட்டேன்.
அவர் அட்டையைப் பார்க்கவில்லை.
கதவுக்கு வெளியே, மணலைத் தாண்டி,
மின்கோபுரங்களைப் பார்த்தார்.
"கம்பி இருக்கே சார்.
எடுத்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து,
என்மேல் கோபம் எதுவும் இல்லாத குரலில்,
"இத மார்ச்ல குடுத்திருக்கலாம்."

நான் ஆஸ்பத்திரி இல்லை, கம்பெனி இல்லை,
ரோலாவில் ஒரு கண்ணாடிக் கடையின் சம்பளக்காரன்.
இதைச் சொல்ல வாய் திறந்து
லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.
அவருடைய அட்டையில் எழுதியது:
"கண்ணாடியுடன் ஓட்டலாம்."
இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

சாயங்காலம் குரூப் போட்டோ.
வெளிச்சம் பட்டு மின்னுகிறது,
கழற்றுங்கள் என்றார் படமெடுப்பவர்.
கழற்றினார்கள்.
சவரிராயனுக்கு மட்டும் காது கேட்கவில்லை.

வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டு.
கண்ணாடி தேவைப்பட்டவர்கள் அறுபத்து நான்கு.
நாங்கள் கொண்டுபோனது நாற்பது.

மீதி இருபத்து நான்கு பேரிடம்
அடுத்த வெள்ளி வருகிறேன் என்றேன்.
சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கு முன்னால்
ஆறு நாள் வேலை இருக்கிறது.